இங்கிலாந்துக்காரரின் சுருதி

என் காது பொல்லாத காது. மன்னாரில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்த காலத்திலேயே எனக்கு அதில் ஒரு திமிர் இருந்தது. இன்றும் அது குறையவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி அந்தஸ்து கிடைத்து டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஓர் இசை மண்டபத்தில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. என்னோடு யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும் வேலை செய்தார். ஒரு சனிக்கிழமை இங்கிலாந்திலிருந்து ஒரு ரொக் கிற்றார் கலைஞர் வந்தார். ஒரு காலத்தில் பெரிய இசைக்குழுவில் வாசித்தவர். அவர் எழுதிய பாட்டுகளைப் பாடி மற்றவர்கள்தான் பெயர் எடுத்தார்கள். குழு உடைந்ததும், இனி என் பாட்டை நானே பாடுவேன் என்று ஒற்றைக் கிற்றாரோடு டென்மார்க்கின் சின்ன ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் சாப்பிடப் போன நேரம், மேடையில் இருந்த கிற்றாரை மெல்ல மீட்டிப் பார்த்தேன். நாராசம்! மூன்று கம்பிகள் தளர்ந்து கிடந்தன. எங்கள் பாடகர் குழுவில் யாருடைய வாத்தியம் பிசகிக் கிடந்தாலும் பூசைக்கு முன் பக்கத்தில் நிற்பவர் சேர்த்து வைக்க வேண்டும். அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

“தம்பி, கையை வைக்காதை. வேலை போயிடும்,” என்றார் அண்ணை.

“சுருதி பிசகிக் கிடக்கு அண்ணை. பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறதே?”

ஐந்தே நிமிடத்தில் ஆறு கம்பிகளையும் அப்பழுக்கில்லாமல் சேர்த்து வைத்தேன்.

மண்டபம் நிறைந்தது. கலைஞர் முதல் மீட்டலிலேயே நின்றுவிட்டார். மறுபடி மீட்டினார். முகம் சிவந்தது. அந்தத் தளர்ந்த சுருதி, தன் பாட்டுகளுக்காக அவரே வேண்டுமென்று வைத்துக்கொண்டதாம். அவர் எழுதிய பாட்டெல்லாம் அதில் பிறந்தவைதானாம். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மனிதரின் இருபது வருட உழைப்பை நான் ஐந்து நிமிடத்தில் துடைத்து வைத்திருந்தேன்.

“யார் இதைத் தொட்டது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வாயைத் திறவாதை,” என்று அண்ணை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அந்த வேலைதான். ஆனாலும் சேர்த்த சுருதியில் குறை இல்லையே! மேடையில் ஏறி, “நான்தான்,” என்றேன்.

அவர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். “எந்தக் கருவியை வைத்துச் சேர்த்தாய்?”

“கருவி இல்லை. காதுதான்.”

சிரித்துவிட்டார். கிற்றாரை என்னிடமே நீட்டினார். ஒவ்வொரு கம்பிக்கும் உரிய சுரத்தை அவர் வாயால் முனக, அத்தனை பேர் பார்த்திருக்க, நான் அவருடைய சுருதிக்கு மாற்றினேன். ஆறாவது கம்பியில் அவர் தலையசைத்ததும் மண்டபம் கைதட்டியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிச்சம் இருந்த நான்கு ஊர்களுக்கும் என்னைத் தன்னோடு அனுப்பும்படி மண்டபப் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கினார். அடுத்த ஊரான விபோர்க்கின் மேடையில் அவர் கேட்காமலே கிற்றார் தயாராக இருந்தது.

திரும்பி வந்ததும் கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்பினார்கள். என்ன தொழில் என்று அலுவலர் கேட்டார். அதுவரை அந்தக் கேள்விக்கு ‘அகதி’ என்றே சொல்லி வந்தவன் நான்.

“கிற்றாருக்குச் சுருதி சேர்ப்பவன்,” என்றேன்.

அவர் பேனையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்படியே எழுதுங்கள்,” என்றேன்.