ஊற்றிக் கொடுத்தவனின் இடுப்பு

பிராந்திக் கடையில் ஊற்றிக் கொடுக்கிறவனுக்குக் கை வலிக்கும் என்று நினைக்கிறவர்கள் அந்த வேலையைச் செய்து பார்க்காதவர்கள், வலிப்பது இடுப்பு. ஜவுளிக் கடையில் புடவை விரித்துப் போடுகிறவர்களே, கரும்பலகை முன் நின்று கத்துகிற வாத்தியார்களே, முடி வெட்டுகிறவர்களே, நீங்களெல்லாம் என் இனம். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில், நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, புதுச்சேரி ரயிலடிப் பக்கம் ஒரு பிராந்திக் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை கிடைத்தது. கடை திறந்ததிலிருந்து கதவு சாத்தும்வரை நிற்க வேண்டும். நடுநடுவே ஊற்றியும் கொடுக்க வேண்டும்.

பித்தளைக் கம்பி

எங்கள் கவுன்ட்டரின் வெளிப்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நெடுக ஒரு பித்தளைக் கம்பி ஓடும். பிரெஞ்சுக்காரன் காலத்து ஏற்பாடு. குடிக்க வருகிறவர்கள் ஒரு காலை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து அடுத்த காலை மாற்றிக்கொண்டு, அலுப்பே தெரியாமல் நிற்பார்கள். கடலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த கோவிந்தனுக்கு, டியூட்டி முடிந்ததும் நேரே வந்து அந்தக் கம்பியில் காலை வைத்தால்தான் உயிரே வரும். பாதி வலி கம்பியில் இறங்கிவிடும், மீதியை நீ ஊற்றுவது பார்த்துக்கொள்ளும் என்பார்.

ஒருநாள் அவருக்கு என்ன தோன்றியதோ, கவுன்ட்டர்மேல் எம்பி என் பக்கத்துத் தரையை எட்டிப் பார்த்தார். அங்கே சிமென்ட் தரையும் என் இரண்டு கால்களும் தவிர ஒன்றுமில்லை.

"ஏம்பா சூசை, செத்த நேரம் நிக்கிற எனக்குக் கம்பி போட்டு வெச்சிருக்கு. நாளெல்லாம் நிக்கிற நீ எங்கபா கால வெப்ப?"

மத்தியாஸ் அண்ணன்

எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர் மத்தியாஸ் அண்ணன். இடுப்பு வலி என்று வாய்விட்டுச் சொல்லி லீவு கேட்டார். நிற்க முடியாதவனை எங்கே நிற்கவைப்பது என்று முதலாளி அவரை ஒரேயடியாக அனுப்பிவிட்டார். அப்படிக் காலியான இடம்தான் எனக்கு வந்தது. ஆகவே என் இடுப்பில் வலி தலைகாட்டியதும், அதை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மில்லும் இல்லை, வேறு வேலையும் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. மனைவி ரீத்தாவிடமும் சொல்லவில்லை. அவள் தம்பிதான் முதலாளியிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டவன். அவளிடம் காலையில் சொன்னால் சாயங்காலம் முதலாளி காதுக்குப் போய்விடும்.

மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குப் போனபோது மத்தியாஸ் அண்ணனைப் பார்த்தேன். படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சடாரென்று எழுந்து நிமிர்ந்து வந்தார். வலி எப்படியண்ணே என்று கேட்டேன். சிரித்தார்.

"இடுப்பு போச்சுன்னு வேலைய எடுத்தாரு. வேலை போனதும் இடுப்பு திரும்பி வந்துடுச்சு. வேலைதான் வரல."

மாமியார் வீடு

கோவிந்தன் கேட்ட கேள்வி மனதிலேயே இருந்தது. காலி பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்து நின்றேன். நம்ப மாட்டீர்கள், மத்தியானத்துக்குள் இடுப்பில் யாரோ போட்டிருந்த முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் சாயங்காலம்வரைகூட நிலைக்கவில்லை. வாசலோரம் நாற்காலி போட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி, எதற்கோ உள்ளே வந்தவர் என் காலைப் பார்த்துவிட்டார். பெட்டியை அவரே காலால் தள்ளினார்.

"வர்றவங்க எதிர்ல கால தூக்கி வெச்சிக்கினு நிக்கிறியே, இது இன்னா உன் மாமியார் வூடா?"

முசியே ஆல்பேர்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எல்லோரும் முசியே என்று மரியாதையாகக் கூப்பிடும் ஆல்பேர் அப்படி ஒரு சொல்தா. வெள்ளைக் கால்சட்டையில் மடிப்பு கலையாமல் வந்து, ஒரே ஒரு கிளாஸை ஜெபம் சொல்கிற நிதானத்தோடு குடிப்பார். அடித்தட்டிலிருந்து பாட்டில் எடுக்க நான் குனிந்தபோது என் முகம் போன போக்கைக் கவனித்துவிட்டார். உடனே கைத்தடியைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, முதுகு நேராக இருக்க முட்டியை மடக்கி உட்கார்ந்து, இல்லாத பாட்டில் ஒன்றை நெஞ்சோடு அணைத்து எடுத்து எழுந்து காட்டினார். எழுவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

சும்மா ஒரே இடத்தில் நிற்காதே, இரண்டடி போ, இரண்டடி வா என்றும் சொன்னார். அப்படியே செய்தேன், வலி குறைந்தது. ஆனால் அப்போது பக்கத்துத் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. சனிக்கிழமையானால் கடலூர்க் கூட்டம் தவளக்குப்பம் வழியாகப் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். ஒரு பாட்டில் திறப்பதற்குள் பத்துக் கை நீளும். அன்றைக்கு இரண்டடி எங்கே போவது? கம்பம் மாதிரி நின்ற இடத்திலேயே நிற்பேன். முசியே ஆல்பேர் ஓரத்தில் இருந்து தலையை ஆட்டுவார்.

"பரேடுல மயங்கி வுழுந்தவன் எவனும் ஆடி அசைஞ்சி நின்னவன் இல்ல சூசை. வெறச்சிக்கினு நின்னவன்தான். வொலா, அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை

அப்படி ஒரு சனிக்கிழமை நின்றுவிட்டு, மறுநாள் காலை குடும்பத்தோடு மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். முழங்கால் போட்டேன். எழ முடியவில்லை. முன் பெஞ்சைப் பிடித்து ஒருவழியாக எழுந்தேன், ஆனால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையோடு என் முகத்தருகே மூக்கை உறிஞ்சியும் பார்த்தார். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பது கோயிலில் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஒரு சொட்டும் தொட்டவன் இல்லை. ரீத்தா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில்தான் நின்று திரும்பினாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்குப் பின்னால் நின்று இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வையில் கூசிப்போனேன். அப்போதும் வேலையை நினைத்து விழுங்கிக்கொண்டேன். ரீத்தாதான் கேட்டாள்.

"பூசைக்கு வர்ற நாளு கூடவா? புள்ளைங்க மொகத்தையாவது நெனச்சிப் பாத்தீங்களா?"

தைலம்

ஊர் வாய்க்குப் பஸ் வேண்டுமா? செவ்வாய்க்கிழமை முதலாளி எழுந்து நேராகக் கவுன்ட்டருக்கு வந்து, ஊது என்றார். ஊதினேன். சட்டைக்குள் அப்பியிருந்த தைல வாசனைதான் அவர் மூக்கில் ஏறியது. நாற்றத்தை மறைக்கத் தைலம் வேறா, என் சரக்கையே குடித்துவிட்டு எதிரில் சாய்ந்து நிற்கிறாயா என்று சத்தம் போட்டார். கோவிந்தனுக்குப் பொறுக்கவில்லை. கம்பியிலிருந்து காலை எடுத்து, நடுவில் வந்து நின்று, குடித்தவன் எப்படி ஆடுவான் என்று ஆடிக் காட்டினார். அவர் அன்று நடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. குடித்தவன் நாலு பக்கமும் ஆடுவான் மொதலாளி, இவன் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறான், இது இடுப்பு என்றார். கடையே ஆமாம் போட்டது. முசியே ஆல்பேர் கைத்தடியால் தரையைத் தட்டி அதை உறுதி செய்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. குடி என்றாலாவது காலில் விழுந்தால் மன்னிப்பு கிடைத்திருக்கும். இடுப்பு என்றால் மத்தியாஸ் அண்ணன் போன வழிதான். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் பிழைப்பைக் கவிழ்த்துவிட்டார்களே என்று நின்றேன். முதலாளி கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு, நான் நிற்கிற இடத்தில் நின்றார். கவுன்ட்டர்மேல் கையை ஊன்றினார், குனிந்து அடித்தட்டைத் தொட்டார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நாளைக்குத் தச்சரை வரச் சொல், இந்தப் பக்கமும் கால் வைக்க ஒரு கட்டை அடிக்கட்டும் என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"கடைய ஆரம்பிச்சி இங்க நின்னவரு எங்கப்பா. வூட்டுக்கு இப்பிடித்தான் சாஞ்சிக்கினே வருவாரு. குடிச்சிட்டு வர்றாருன்னு எங்கம்மா கடைசி வரிக்கும் அவருகிட்ட மொகங்குடுத்துப் பேசல. நாங்களுந்தான். நீ இன்னிக்கே வூட்ல சொல்லிடு."

கடையில் ஊற்றிக் கொடுத்த நாங்கள் ஒழுங்காக நிற்கக் கற்றுக்கொண்டது, ஊற்றி வாங்கிக் குடித்து நிற்க முடியாமல் போனவர்களிடம்தான்.