ரோசம்மாள் கொளுத்திப் பார்த்த நூல்

துரத்தவெல்லாம் இல்லை. கும்மிடிப்பூண்டி துணிக் கொட்டகைக்கு நெருப்பு வைக்கப் பார்த்தாள், அதனால் ரோசம்மாளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள் என்று குழாயடியில் கதை கட்டுகிறவர்களில் ஒருத்தராவது நடந்ததை நடந்தபடி சொல்கிறாரா? தீக்குச்சி கிழித்தாள், உண்மைதான். கொட்டகைக்குள்ளே அல்ல. வெளியே, செங்கல்லின் மேல், பக்கத்தில் தகர டப்பாவில் தண்ணீர் வைத்துக்கொண்டு கிழித்தாள். எதற்குக் கிழித்தாள் என்று கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

பொன்னேரிக்குக் கிழக்கே நாற்று நட்டு வளர்ந்தவள் அவள். வரப்பில் நின்று ஒருவன் அதட்ட அதட்ட, இருபத்தைந்து வயது வரை குனிந்தே கிடந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அந்தக் கொட்டகை திறந்தது. மெட்ராஸ் தையற்கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் வெட்டுத்துணியில் பருத்தியைத் தனியாகப் பிரித்து, பட்டறைகளில் மிஷின் துடைக்கக் கட்டி அனுப்புகிற வேலை. உட்கார்ந்து செய்யலாம். பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது போனால் மறுபடியும் சேற்றில்தான் இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த தெரு மோசஸ் இரும்பு உருக்குகிற பட்டறையில் இருந்தான். ஒருநாள் சூடான அச்சைத் துணி வைத்துத் தூக்கினான். துணி தீய்ந்திருந்தால் உதறிப் போட்டிருப்பான். அது உருகிவிட்டது. பிசின் மாதிரி உள்ளங்கையில் ஒட்டியதை உரித்தபோது தோலோடு வந்தது. பார்க்கப் போன ரோசம்மாளிடம் கட்டுப்போட்ட கையை நீட்டி, "உங்க கொட்டாய் துணிதாங்கா. காட்டன்னு நெனச்சுத்தான் புடிச்சேன்" என்றான். அவளால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் நாலைந்து துண்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வேட்டித்துண்டு காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது; சுடர் அணைந்த பிறகும், தண்ணீரில் முக்கும் வரைக்கும், ஓரத்தில் சிவப்பு ஊர்ந்துகொண்டே இருந்தது. பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு சுருண்டு தானே அணைந்தது. நைலான் நெருப்பைக் கண்டதும் பின்வாங்கிச் சுருங்கி, சொட்டுச் சொட்டாக விழுந்து மணியாக இறுகியது. ஒரே பருத்திதான், பஞ்சாக உதிர்த்தால் குப்பென்று பிடித்தது. கித்தானாக நெருக்கி நெய்திருந்தால் பிடிக்கவே நேரமானது. எல்லாவற்றிலும் எமகாதகம், செயற்கை நூல் கலந்த டெரிகாட்டன். பருத்தி போலவே எரிந்து காட்டிற்று. அணைத்துக் குச்சியால் தொட்டால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு இழுத்தது. மோசஸை ஏமாற்றியது இதுதான்.

"இன்னாடி ரோசம்மா, துணிக்கு சாம்பிராணி போட்டுக்கினு கீறே?" என்றாள் கூட வேலை செய்த குப்பம்மாள்.

"உனுக்கும் போடறேன், முந்தானிய குடுங்கா."

குப்பம்மாள் கட்டியிருந்தது புது நைலக்ஸ் புடவை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்தாள். அதற்கப்புறம் அவள் அடுப்படியில் நூல் புடவைதான் கட்டினாள். அதை மட்டும் குழாயடியில் சொல்ல மாட்டாள்.

ஆறு மாதத்தில் ரோசம்மாளின் விரலே போதுமானதாகிவிட்டது. கசக்கிவிட்டால் பருத்தி கசங்கியே கிடக்கும், டெரிகாட்டன் நிமிர்ந்துகொள்ளும். சந்தேகம் வந்தால்தான் ஒரு நூலை உருவிக் கொளுத்துவாள். எழுத்துத் தெரியாதவள், மூவாயிரம் துண்டில் ஒன்று தப்பாமல் பிரித்தாள்.

ஆனால் ஊரே டெரிகாட்டனுக்கு மாறிக்கொண்டிருந்தது. பருத்தித்துண்டு குறைந்தது, மூட்டையும் குறைந்தது. எழுபத்தைந்து கோடையில் இரும்புப் பட்டறைக்கு அவசரமாக மூட்டை வேண்டியிருந்தது. மேஸ்திரி ஆதிகேசவன் கெட்டவனில்லை, முதலாளிக்குப் பயந்தவன்.

"மேலயும் கீழயும் காட்டன வை ரோசம்மா. நடுவுல டெரிகாட்டன தள்ளு. எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்?"

"பட்டறக்காரன் பிரிப்பான் மேஸ்திரி. சூட்டுல வச்சுப் பிரிப்பான்."

"கட்றதுன்னா கட்டு. இல்லாங்காட்டி ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

அவள் கட்டினாள். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மூட்டையைத் திணித்து, கோணி ஊசியால் பாதி வாய் தைத்தாள். அப்புறம் ஊசி நின்றது. பிறகு தைத்ததைப் பிரித்து, மூட்டையைத் தலைகீழாகக் கொட்டி, டெரிகாட்டனை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

ஆதிகேசவன் ஓடிவந்தான். "இன்னாது இது?"

"முக்கா மூட்டதான் வருது. அத அனுப்புங்க."

"நீ கட்டலன்னா குப்பம்மா கட்டும்."

"கட்டட்டும். பிரிச்சுப் பாத்து வாங்குங்கன்னு நானே பட்டறையில போய் சொல்லிட்றேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "சேத்துலதான் போய் நிப்பே, ரோசம்மா."

"நிக்கிறேன் மேஸ்திரி. அது கழுவுனா போயிடும்."

யாரும் அவளைத் தொடவில்லை, கதவைக்கூடத் திறந்துவிடவில்லை. பொறுக்கி முடிக்கும் வரை உட்கார்ந்து பொறுக்கினாள். எந்தக் குவியல் எது என்று குப்பம்மாளுக்குக் காட்டினாள். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் வாசலைத் தாண்டி, வீட்டுக்குப் போக ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் பட்டறை இருக்கிற பக்கம் நடந்தாள்.