வேண்டாம் என்று சொல்லப் பழகியவள்

எங்கள் ஊரில் பிள்ளை வளர்ப்பதில் பாதி வேலை கொஞ்சுவதுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே "எங்கை, ஒரு கொஞ்சு தாங்கோ" என்று கன்னத்தை நீட்டுவார்கள். போகும்போது இன்னொரு முத்தம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால், யாரென்றே தெரியாத மனுசிகூடப் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். கொஞ்சு கொடுக்காத பிள்ளை வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை. நானும் சின்ன வயதில் மீன் மணமும் வெற்றிலை மணமும் அடிக்கிற எத்தனையோ கன்னங்களுக்கு வாய் பேசாமல் கொடுத்திருக்கிறேன்.

என் மகள் கொடுக்கவில்லை. கடித்தாள்.

அவளுக்கு ஓட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது வயது மூன்று. நாலு வயதில் கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த நேசறி என்கிற பாலர் பள்ளியில் சேர்த்தோம். அதற்கு முன் இரண்டு நேசறிகளில் பிள்ளையைப் பார்த்துவிட்டு இடமில்லை என்றார்கள். இவர்கள் எடுத்தது எங்களுக்குப் பெரிய விசயம். கைத்தொலைபேசியில் கேட்ட இங்கிலிஷ் பாட்டுகளை அவள் ஒரு சொல் பிசகாமல் பாடுவாள். ஆனால் தண்ணீர் விடாய்த்தால் கேட்கத் தெரியாது. தண்ணீர்ப் பானை இருக்கிற குசினிக் கதவடியில் போய் நின்று அழுவாள்.

நேசறியில் ஒருநாள் பக்கத்திலிருந்த பெடியன் அவள் கோத்துக்கொண்டிருந்த மணிகளை எடுத்திருக்கிறான். இவள் தள்ளியிருக்கிறாள். சண்டை பிடித்த பிள்ளைகளைக் கொஞ்சிச் சமாதானமாக வைப்பது அங்கே வழக்கம். ரீச்சர் சொன்னபடி அவன் முகத்தைக் கிட்டக் கொண்டுவர, இவள் அவன் கன்னத்தில் கடித்துவிட்டாள். எனக்கு அன்று வந்த செய்தி கடித்துவிட்டாள் என்பது மட்டும்தான். கொஞ்சச் சொன்ன கதை அடுத்த நாள்தான் தெரிந்தது.

நான் மானம் போன கணக்கில், அன்று பின்னேரமே ஒரு பிஸ்கற் பெட்டியோடு அந்தப் பெடியனின் வீட்டுக்குப் போனேன். தாய் நல்ல மனுசி. சின்னப் பிள்ளைகள்தானே என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அந்த மரியாதைக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டுமே. மகளின் பிடரியில் கைவைத்து அவனுக்கு முன்னால் தள்ளி, தம்பிக்கு ஒரு கொஞ்சு கொடுத்து "சொறி" சொல்லி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவள் அதே கன்னத்தில் இரண்டாம் முறை கடித்தாள். தேத்தண்ணியைக் குடிக்காமலே திரும்பி வந்தோம்.

அடுத்த நாள் நேசறிக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு சொல் திருப்பிச் சொல்லியிருப்பேன். என் வாய் அப்படி. அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"இன்னொருக்கால் கடிச்சால் நாங்கள் வைச்சிருக்கேலாது அம்மா. மற்றத் தாய்மாரும் கேக்கினம்."

நேசறி இல்லையென்றால் பள்ளிக்கூடமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவளை விட்டுவிட்டு வந்து, தொலைபேசி அடிக்குமோ என்று பார்த்துக்கொண்டுதான் சோறு வடித்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் என்னைவிட இளையவர், கலியாணம் ஆகாதவர். பிள்ளை பெற்று வளர்க்காதவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்குள் எப்போதும் இருந்தது. என் மகளை அம்மா என்று கூப்பிட வைக்க வேண்டும் என்பதுதான் முதல் நாளிலிருந்து நான் அவரிடம் கேட்டது. கடித்த கதையைச் சொன்னபோது, கடிப்பதற்கு முதல் என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, சும்மா கொஞ்சச் சொன்னதுதான் என்றேன். இரண்டு தரமுமா என்று கேட்டார். ஓம் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது.

"அவாவுக்கு வேண்டாமெண்டு சொல்லத் தெரியாது. அதுதான் பல்லாலை சொல்லுறா," என்றார் மிஸ். "முதல் அந்தச் சொல்லைப் பழக்குவம்."

விளங்கினாலும் எரிச்சல் குறையவில்லை. அம்மா என்ற சொல்லுக்காக நான் காத்திருக்க, ஏற்கெனவே சொல்வழி கேளாத பிள்ளைக்கு வேண்டாம் என்று பழக்கப்போகிறார்களாம். பஸ்ஸில் வரும்போது கூட வந்த என் மனுசனிடம் வழி முழுக்கப் பொரிந்து தள்ளினேன். அவர் கடல்தொழில் செய்கிறவர், விடிய வலை இழுத்த களைப்பில் பாதி நித்திரையில் இருந்தார். செய்துதான் பார்ப்பமே என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பழக்குகிற விதம் சின்னது. அவளுக்குப் பிடிக்காத அவித்த பீற்றூட்டைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அவள் முகத்தைத் திருப்புகிற அந்த நேரத்தில் அவளுடைய கையைப் பிடித்து, உள்ளங்கை வெளியே தெரிய உயர்த்தி, வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்ன உடனே பீற்றூட்டை எடுத்துவிட வேண்டும். ஒரு வாய் மட்டும் என்று கெஞ்சக்கூடாது. அந்தக் கெஞ்சல்தான் எனக்கு நாக்கு நுனியில் நிற்கும். அதை விழுங்கப் பழகத்தான் அதிக காலம் எடுத்தது. குளிப்பு, மருந்து போன்றவற்றை வேண்டுமா என்று கேட்கவே கூடாது, முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மற்றபடி, அவளுடைய உடம்பைத் தொடுகிற விசயத்தில் அவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். யார் கேட்டாலும் அப்படித்தான் என்று மிஸ் அழுத்திச் சொன்னார்.

மாரி முழுக்கப் பீற்றூட் அவித்தேன். முதலில் கை மட்டும் உயர்ந்தது. பிறகு "டாம்" என்று பாதிச் சொல் வந்தது. ஒருநாள் மனுசன் கடலால் வந்து உடுத்திருந்த மீன் மணக்கிற சாரத்தோடு அவளைத் தூக்கக் குனிந்தார். அவள் கையை உயர்த்தி, முழுசாக, வேண்டாம் என்றாள். அவர் அப்படியே பின்னால் போய்க் கிணற்றடியில் நின்று சிரித்தார். மகள் தன்னை வேண்டாம் என்றதை கடற்கரை வாடியில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லித் திரிந்த தகப்பன் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்த வருசக் கோயில் திருநாளுக்கு என் மனுசனின் மூத்த அக்கா கனடாவிலிருந்து வந்தார். எனக்கு மச்சாள் முறை. அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பூசை முடிந்து வீடு நிறையச் சனம், ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கிறது, றோல்ஸ் தட்டு கைமாறிப் போகிறது. மச்சாள் ஒரு பெரிய பொம்மையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, மாமிக்கு ஒரு கொஞ்சு தந்தால்தான் இது என்றார். மகள் கையை உயர்த்தினாள்.

"வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அடி, கதைக்கிறாளே என்று யாரோ சந்தோசப்பட்டார்கள். மச்சாளும் சிரித்துக்கொண்டே அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மகளின் உதடு பல்லிலிருந்து மேலே போவதைக் கண்டேன். இப்போது கடித்தால் பீற்றூட் அவித்த மாதங்கள் எல்லாம் வீண். சொன்னாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள், பல்தான் சரி என்று அவள் படித்துவிடுவாள். அடுத்தது நேசறியில்தான் நடக்கும்.

கையில் கறிச்சட்டி. அதை நிலத்தில் வைத்துவிட்டுப் போய் மச்சாளின் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ மச்சாள். அவள் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாள்."

சிரிப்பு நின்றது. மச்சாள் கையை எடுத்தார். நல்ல வளர்ப்பு என்றார், என்னைப் பார்த்து அல்ல, தன் தம்பியைப் பார்த்து. என் மனுசன் என்ன சொல்வாரோ என்று நான் அவரைப் பார்த்தேன். "ஓம் அக்கா, நாங்கள்தான் பழக்கினனாங்கள்," என்று அவர் சொன்னார். மச்சாள் பொம்மையை மேசையில் வைத்துவிட்டு, கேக் வெட்ட முதலே வெளிக்கிட்டார். கனடாவில் அந்தக் கதை எந்தெந்த வீட்டில் எப்படியெல்லாம் போயிற்றோ தெரியாது. மகள் யாரையும் கடிக்கவில்லை.

திருநாள் முடிந்து நேசறி தொடங்கிய கிழமை, தொலைபேசி அடித்தது. சோறு அடிப்பிடித்தது. ஆனால் ரீச்சர் சொன்னது வேறு. கடி வாங்கிய அதே பெடியன் மறுபடி மணிகளை எடுத்துவிட்டு, திருப்பிக் கொடுத்துக் கொஞ்சப் போயிருக்கிறான். இவள் கையை உயர்த்தி வேண்டாம் என்றிருக்கிறாள். அவன் திரும்பி, அவாவுக்கு வேண்டாமாம் என்று மற்றப் பிள்ளைகளுக்கு அறிவித்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்திருக்கிறான். இனி அங்கே சமாதானத்துக்குக் கைகொடுப்பதுதான் முறையாம். சிஸ்டரும் அடுத்த வருசமும் பிள்ளை வரட்டும் என்று சொல்லியிருந்தார். நான் அடுப்படியில் இருந்து நல்லாக அழுதேன்.

அடுத்த நாள் காலையில் அவளை நேசறிப் படலை வாசலில் இறக்கினேன். சந்தோசத்தில் எனக்குக் கால் நிலத்தில் இல்லை. மற்றத் தாய்மார் செய்வதுபோலக் குனிந்து கன்னத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒவ்வொரு நாளும் நான் அப்படித்தான் கொஞ்சிவிட்டு வருவேன். அவள் விறைத்துப்போய் நிற்பாள். அந்த நிற்பை அவள் கொஞ்சு கொடுத்ததாகத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவள் கையை உயர்த்தினாள். சின்ன உள்ளங்கை என் மூக்குக்கு முன்னால் நின்றது.

"அம்மா, வேண்டாம்."

நான் கேட்டுக் காத்திருந்த சொல்லும் அதிலே இருந்தது. பொய் சொல்லமாட்டேன், நொந்தது. ஒன்றே ஒன்று மட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் இன்னொரு தாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி பிள்ளை," என்றுவிட்டு நிமிர்ந்தேன். அவள் கையை இறக்கி, பையை ஒரு தரம் தூக்கிப் போட்டுக்கொண்டு, உள்ளே நடந்து போனாள்.