மச்சான் கப்டனிடம் கேட்ட கேள்வி

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவரும் நானும் குவைத் போகக் காத்திருந்தோம். மச்சான் கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு பஸ் ஓட்டியவர். குவைத்திலும் அவருக்குச் சாரதி வேலைதான். எனக்கு ஒரு கடையில் உதவியாள் வேலை.

புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்த மச்சான் ரேடியோவில் ஒரு செய்தி கேட்டார். ஜப்பானில் இறங்க வந்த ஒரு விமானம் கடலில் விழுந்துவிட்டதாம், அதை ஓட்டிய கப்டனே வேண்டுமென்று அப்படிச் செய்தாராம். பக்கத்திலிருந்தவர்கள் மல்லுக்கட்டியும் பலர் இறந்துபோனார்களாம். மச்சான் பாதி வெட்டிய தலையோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நான் போகல்ல" என்றார்.

"ஏன், விசா கென்சலா?" என்று ராத்தா கேட்டா.

"இல்ல புள்ள. எனக்குக் கோபம் வந்தா பஸ்ஸ ஓரங்கட்டிட்டு ஒரு பிளேன்டீ குடிப்பன். பிளேன் ஓட்டுறவன் ஆகாயத்தில எங்க இறங்கிற?"

"உங்கட பஸ்ஸில ஏறுற சனம் உங்கட மனசப் பாத்தா ஏறுது? முதல்ல போய் மத்தப் பாதியயும் வெட்டிட்டு வாங்க."

மச்சான் சலூனுக்குத் திரும்பிப் போனார், பயணத்துக்கும் ஒத்துக்கொண்டார். ஆனாலும் விமானத்தில் ஏறியதும் பணிப்பெண்ணைச் சாடை காட்டி அழைத்து, என்னிடம் சொன்னார்: "ஓட்டுறவர நான் பாக்கணும் எண்டு சொல்லுங்க." நான் கூச்சத்தோடு இங்கிலீசில் சொன்னேன். அந்தக் காலத்தில் அதெல்லாம் நடக்கும். விமானம் மேலே போய் நிதானமானதும் அந்தப் பெண் எங்களை முன்னால் அழைத்துப் போனாள்.

கப்டன் நரைத்த மீசைக்காரர். மச்சான் ஸலாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டில சண்டை கிண்டை ஒண்டும் இல்லியா எண்டு கேளுங்க."

"மச்சான், அதக் கேக்க ஏலாது."

"கேளுங்க மச்சான். நானும் சாரதிதானே."

கேட்டேன். கப்டன் சிரிக்கவில்லை. ஜப்பான் செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த மனிதர் மனம் சுகமில்லாதவர் என்றார். காலையில் தன் மனைவியோடு வாய்த்தர்க்கப்பட்டது உண்மைதான் என்றும், தனக்குத் தலை சுற்றினால்கூடப் பக்கத்திலிருப்பவர் விமானத்தை இறக்குவார் என்றும் சொன்னார். பிறகு, "இத்தனை வருசத்தில் என் மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு பயணியும் கேட்டதில்லை" என்று மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இருக்கைக்குத் திரும்பியதும் மச்சான் சொன்னார்: "நல்ல மனுசன். சண்டை பிடிச்சத மறைக்கல்லயே." அடுத்த நிமிடமே குறட்டை விட்டார்.

எனக்குத்தான் குவைத் வரும்வரை தூக்கமே வரவில்லை. கப்டனின் மனைவி என்ன சொல்லியிருப்பா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.