பன்னிரண்டு டின்

எங்கள் வீட்டில் அம்மா இருக்கும்போது கடல் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் அதுதான். ஆனாலும் சொல்வதில்லை.

அப்பா சங்கு குளிக்கப் போனவர். கம்ப்ரசர் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் ஆழத்தில் கிடந்தவர், ஒருநாள் அவசரமாக மேலே வந்துவிட்டார். ஆழத்திலிருந்து அப்படிச் சட்டென்று வரக்கூடாதாம்; அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. பிழைத்தால் போதும், இனி அவர் கால் கடல் தண்ணீரில் நனையாது என்று அம்மா மாதா கோவிலில் நேர்ந்துகொண்டாள். பிழைத்தார். அதன்பிறகு கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். சாத்தியிருந்தாலும் பார்ப்பார்.

நான் நான்காம் வகுப்பு முடித்த விடுமுறையில், எனக்கும் அக்காவுக்கும் கரையோரம் விளையாட ஒரு மிதவை செய்யலாம் என்றார். பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் காலி பாமாயில் டின் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை டின் என்று பார்ப்பது என் வேலை.

ஒரு டின்னில் பதினைந்து லிட்டர் தண்ணீர் பிடித்தது. அதாவது பதினைந்து கிலோ. வாயை அடைத்துக் கடலில் விட்டால் டின் அந்தப் பதினைந்தையும் தாங்கும், அதில் டின்னின் எடை ஒரு கிலோவைக் கழித்துக்கொள் என்றார் அப்பா. கருவாட்டுக் கிடங்குத் தராசில் நானும் அக்காவும் ஏறி நின்றோம். இருவருமாக நாற்பத்தெட்டு. மேலே போடும் பலகைகள் இருபது. சிலேட்டில் போட்டுப் பார்த்தேன், ஐந்து டின் வந்தது. பயத்துக்கு ஒன்று கூட்டி ஆறு என்று எழுதினேன்.

அப்பா சிலேட்டைப் பார்த்துக் கணக்கு சரி என்றார். பிறகு, "ஏலே, பன்னெண்டு வாங்கிட்டு வா" என்றார்.

அப்பாவுக்குக் கணக்கு மறந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன்.

"அவரும் ஏறப் போறாருலே, மடையா" என்றாள்.

அவருக்கு ஐம்பது கிலோ வைத்து மறுபடி போட்டேன். ஒன்பதுக்கு மேல் வரவில்லை. மூன்று டின் எதற்கு என்று தெரியவில்லை.

டின்களின் வாயில் மரத் தக்கை அடித்து, தண்ணீர் புகாதபடி கீல் பூசினோம். ஆறு ஆறாக இரண்டு வரிசை படுக்க வைத்து, மேலே பலகை வைத்து நைலான் கயிற்றால் இறுக்கினோம். அப்பா ஆணியால் டின்களின் பக்கத்தில், முக்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு கீறினார். தண்ணீர் அதுவரைதான் வரும் என்றார். அம்மா ஒருமுறை வந்து நின்று டின்களை எண்ணினாள். பிள்ளைகளுக்கு என்றார் அப்பா. அவள் உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசைக்குப் போனதும் மிதவையை ஈர மணலின் ஓரத்துக்கு இழுத்துப்போனோம். அப்பா காய்ந்த மணல் பக்கமாகவே கையை ஊன்றித் தவழ்ந்து வந்து ஏறினார். கால்களைத் தூக்கி மடித்துத் துண்டால் கட்டிக்கொண்டார். மிதவையில் கட்டிய நீளக் கயிற்றை அக்கா பிடித்துக்கொண்டாள். நானும் அவளும் ஏறாமல், கடல் தானாக வரட்டும் என்று பக்கத்தில் நின்றோம். நீர் மெல்ல ஏறியது. முதலில் நுரை வந்து தொட்டுப் போனது. பிறகு டின்களுக்குக் கீழே ஏதோ மூச்சுவிடுவதுபோல் சத்தம். எப்போது மணலை விட்டு உள்ளே நகர்ந்தது என்று தெரியவில்லை. அப்பா கண்ணை மூடியிருந்தார். வெயிலும் தண்ணீரும் ஒரே நிறமாக இருந்தன. தூரத்துக் கப்பல்கள் தரையில்லாமல் நின்றன. நீர் டின்னின் பாதிக்கும் வரவில்லை. கோடு வீணாக மேலே நின்றது.

திரும்பிப் பார்த்தால் கரையில் அம்மா. பூசை முடிந்திருக்கவே முடியாது. அக்கா கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

"கால்?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

"நனையல. வந்து தொட்டுப் பாரு."

கோவிலுக்குக் கட்டிய புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். அவர் பாதங்களைப் புறங்கையால் தடவினாள். காய்ந்திருந்தன.

"ஏளா, ஏறு" என்றார் அப்பா. "ஒன்னையுஞ் சேத்துத்தான் கணக்கு."

அவள் கரையை ஒருமுறை பார்த்தாள். யாருமில்லை. ஏறினாள். மிதவை ஒருபக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. ஈரம் அவர் காலில் சொட்டாதபடி புடவையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் டின்களில் மெல்ல ஏறி ஆணிக்கோட்டில் நின்றது. ஒரு விரல் மேலே இல்லை, கீழே இல்லை. அக்கா கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு வேறொன்றுதான் மண்டையைக் குடைந்தது. அம்மா எந்தத் தராசிலும் ஏறியதில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "தெரியும்லே" என்றார் அப்பா. மறுநாள் கருவாட்டுக் கிடங்குக்குப் போய், எங்கள் அப்பா தவழ்ந்து வந்து அம்மாவை இங்கே நிறுத்துப் பார்த்தாரா என்று தராசுக்காரரிடம் விசாரித்தேன். அப்படி யாரும் வரவில்லை என்று அவர் சிரித்தார். அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.