பஞ்சு தொட்ட இடம்

கடைவாய்ப் பல் போன இடத்தில் எலும்பு கரைந்துவிட்டது, எலும்புத் தூள் வைத்து வளரவிட்ட பிறகுதான் செயற்கைப் பல் பொருத்த முடியும் என்றார் திருக்கோகர்ணத்துப் பல் டாக்டரம்மா. அப்படியே வைத்துத் தைத்தார். தையல் பிரிக்கப் போன அன்று, என் முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய படையையே பார்த்தார்.

"இது அரிக்குதாங்கய்யா?"

"தேமல்தாங்க. ஒரு தொந்தரவும் இல்லை."

பல்லுக்கு வந்தவனிடம் தோலைப் பற்றி என்ன விசாரணை என்று எனக்கு எரிச்சல். மெடிக்கலில் வாங்கிய களிம்பைத்தான் என் மனைவி மாசக்கணக்காகத் தடவிவிடுகிறாளே!

கண்ணை மூடச் சொன்னார். பஞ்சு படும்போது சொல்லுங்கள் என்றார். காத்திருந்து பொறுமை போய், "எப்பங்க தொடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேங்கய்யா."

அவரே அரசு மருத்துவமனைக்குப் போன் செய்து அனுப்பினார். தொழுநோயின் ஆரம்பம், உணர்வு மரத்துப்போவதுதான் அடையாளம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

எலும்பு வளர்ந்து பல்லும் வந்துவிட்டது. முறுக்கு கடிக்கிறேன். அதற்கும் நன்றிதான்.

நேற்று மதியம் கண்ணயர்ந்திருந்தபோது, படை இருந்த அந்த இடத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. தெரிந்தது. கொஞ்ச நேரம் அதை விரட்டாமலே இருந்தேன்.