கிழக்கு பேர்லினில் ஒரு பகல்

எண்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு பகல் முழுவதும் நான் கிழக்கு பேர்லினில் சுற்றுலாப் பயணியாக இருந்தேன். என் கணவர் எனக்கு முன்பே மேற்கு ஜெர்மனிக்கு வந்து வுப்பர்டால் நகரில் அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். அவரிடம் போய்ச் சேர எனக்குக் கிடைத்த வழி அதுதான். ஒரு நாள் விசாவில் கிழக்கு பேர்லினில் இறங்க வேண்டும். நகரம் பார்க்க வந்தவர்கள் போல ரயிலேறி பிரீட்றிஷ்ட்றாச என்ற நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே கடவுச்சீட்டைக் காட்டிக் கதவைத் தாண்டினால் மேற்கு.

தனியாக வரும் இளம் பெண்ணைத் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று கொழும்பு ஏஜென்சிக்காரர் என்னோடு ஒருவரைச் சேர்த்துவிட்டார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். நாற்பது வயதிருக்கும். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் நான் அவரை முதன்முதல் கண்டேன்.

“ரெண்டு பேரும் ஊர் பாக்கப் போற புருசன் பெண்சாதி மாதிரி நடவுங்கோ,” என்று சொல்லி ஏஜென்சிக்காரர் அவர் கழுத்தில் ஃபிலிம் இல்லாத கமெரா ஒன்றை மாட்டிவிட்டார்.

விமானம் கிளம்பியது. அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. ஆக்களுக்கு முன்னால என்னை அண்ணை எண்டு மட்டும் கூப்பிட்டிடாதேங்கோ.”

பேர்லினில் இறங்கியபோது காலை. சீருடைக்காரர் எங்கள் முகங்களையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் மனேச்சர் தன் கடவுச்சீட்டை என்னிடம் நீட்டினார்.

“இதையும் உங்கடை கைப்பைக்குள்ள வையுங்கோ. என்ரை கோட்டுப் பொக்கற் பிஞ்சு கிடக்கு.”

வாங்கி வைத்துக்கொண்டேன்.

வழியில் ஒஸ்ட்கிறொய்ட்ஸ் என்ற நிலையத்தில் ரயில் மாற வேண்டியிருந்தது. மேலும் கீழுமாகத் தண்டவாளங்கள், எங்கு பார்த்தாலும் படிகள். வேலைக்குப் போகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு ரயில் வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன். அவர் ஒரு ரயில்வே ஊழியரிடம் துண்டுக் காகிதத்தைக் காட்டி, இதுதானா என்று கேட்டுக்கொண்டு நின்றார். கதவு மூடியது.

“அண்ணை!” என்று கத்தினேன். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையைத் தூக்கிக் காட்டினார். போ என்றாரா, நில் என்றாரா என்று தெரியவில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். அவர் அங்கே இல்லை. அரை மணி நேரம் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினேன். குளிரில் கால்விரல்கள் மரத்துப் போயின. எங்கள் இருவருக்கும் தெரிந்த பெயர் ஒன்றுதானே, அங்கேதான் போயிருப்பார் என்று தேற்றிக்கொண்டு மறுபடி ரயிலேறினேன். எதிரில் இருந்த வயதான பெண் நான் ஊர் பார்க்க வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். ஜன்னலைத் தட்டி, வானத்துக்குள் குத்தி நின்ற தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காட்டினார். நான் பார்த்துத் தலையாட்டினேன். சிரிக்கவும் முயன்றேன்.

பிரீட்றிஷ்ட்றாசவுக்கு மேல் அந்த ரயில் போகாது. கூட்டத்தோடு இறங்கி, படி வழியே வெளியே வந்தேன். மேற்குக்குப் போகிறவர்களுக்கான கண்ணாடி மண்டபம் கீழேதான் இருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் அதன் வாசலில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் ஒரு சுவரோரமாக நின்றேன். அப்போது பதினொரு மணி.

ஒரு மணி போல பொலிஸ்காரர் ஒருவர் வந்தார்.

“தூரிஸ்ட்?”

“தூரிஸ்ட்,” என்றேன்.

நிற்காமல் நட என்பது போலக் கையை வீசினார். ஆற்றுப் பாலம் வரை நடந்து, தண்ணீரைப் பார்ப்பது போல நின்றுவிட்டுத் திரும்பினேன். இப்படி நாலைந்து முறை. ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியில் மனேச்சர் வந்து போயிருப்பாரோ என்று வாசலில் நின்ற முகங்களைத் தேடினேன். மேலே பிளாட்பாரத்தில் போய்ப் பார்க்கலாம் என்றும் தோன்றியது. நான் ஏறும்போது அவர் வேறு படியால் இறங்கி வந்துவிட்டால்? போகவில்லை.

கணவரின் சிநேகிதர் ஒருவர் மேற்குப் பக்கத்தில் எனக்காக நிற்பதாக ஏற்பாடு. ஐந்து மணிக்குப் பிறகு அவர் நிற்க ஏலாது. நாலரைக்கு நான் மண்டபத்துக்குள் போனேன்.

மனேச்சர் வந்தால் கொடுப்பார்கள் என்று இரண்டு கடவுச்சீட்டுகளையும் மேசையில் வைத்தேன். அதிகாரி மனேச்சரின் படத்தைப் பார்த்தார். வரிசையில் என் பின்னால் பார்த்தார். “மான்?” என்று கேட்டார். கணவனா என்று கேட்கிறார் என்பது விளங்கியது. ஓம் என்றால் என்னையும் நிறுத்திவைப்பார்கள் என்று பயந்தேன். இல்லை என்று தலையாட்டினேன். வெளியே கையைக் காட்டி, “கமிங், கமிங்,” என்றேன். அவர் தோளைக் குலுக்கி, அந்தக் கடவுச்சீட்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு என்னை அனுப்பினார்.

“தனியவோ வந்தனீங்கள்?” என்று கேட்டார் கணவரின் சிநேகிதர்.

“ஓம்,” என்றேன். வுப்பர்டாலில் கணவரிடமும் அதையே சொன்னேன். அந்நிய ஆணோடு தம்பதியாக வந்த கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாளாக ஆக, மனேச்சரை விட்டுவிட்டு வந்ததைச் சொல்வதுதான் அதைவிடக் கடினமாகிப் போனது.

மூன்று வருடம் கழித்து, வுப்பர்டாலில் எங்கள் ஊர்க்காரர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் மனேச்சரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரே கிட்ட வந்தார்.

“சுகமாய் இருக்கிறியளோ தங்கச்சி?”

“அண்ணை, நான் நாலரை வரைக்கும் நிண்டனான். கீழ, அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால.”

“நான் உங்களைத் தேடித் திரிஞ்சு பிந்தித்தான் வந்து, மேல நிண்டனான். பிளாட்போமில. வாற ஒவ்வொரு ரெயிலையும் பாத்தனான். நீங்கள் விட்டிட்டுப் போகமாட்டியள் எண்டுதான் கீழ இறங்கேல்லை.”

அன்று மாலை அவரைப் பொலிஸ் பிடித்தது. கடவுச்சீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் மறுநாள் விடிந்து விசா முடிந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு வேறு வழியால் வந்து சேர்ந்திருக்கிறார். இவ்வளவையும் குரல் உயராமல், வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, “விடுங்கோ,” என்று சொல்லிவிட்டு, அழுத பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “மூண்டு வருசமா ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டார். கோபப்படவில்லை. அவரே போய் மனேச்சரைப் பார்த்தார். அவருடைய அகதி விண்ணப்பப் படிவங்களை நிரப்ப உதவினார்.

அடுத்த வருடம் மனேச்சரின் மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். கூட்டிவர என் கணவரும் விமான நிலையத்துக்குப் போனார். வெளிக்கிடும்போது, “நீரும் வாருமன்,” என்று என்னைக் கூப்பிட்டார். வேலை கிடக்கிறது என்று சொன்னேன். அன்று எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.